இரங்கற்பாவைப் படிப்பது எப்படி? ஐந்தடிப் பாட்டு ஒன்றை வைத்து ஒரு தொடக்கம்

கவிதைக்கு நயம் எழுதச் சொன்னால் பலரும் முதலில் உவமையைத் தேடுவார்கள். 'போல' எங்கே வருகிறது, 'அன்ன' எங்கே வருகிறது என்று அடிக்கோடு போட்டுக்கொண்டே போவார்கள். உவமை முடிந்தால் உருவகம், அப்புறம் எதுகை, மோனை. பட்டியல் நிரம்பியதும் வேலை முடிந்துவிடும். வருணனைப் பாடல்களில் இந்த வழி ஓரளவு கைகொடுக்கும். இறந்தவரை நினைத்துப் பாடும் சிறிய பாட்டில் அநேகமாகக் காலை வாரிவிடும். அந்த வகையில் மிகச் சிறந்த சில பாடல்களில் உவமையே இருக்காது. உவமை இல்லாததால் அணியே இல்லை என்று எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இறந்தவரை நினைத்து எஞ்சியிருப்பவர் புலம்புவதைப் பழைய இலக்கணம் கையறுநிலை என்கிறது. தொல்காப்பியத்தின் புறத்திணையியலிலேயே இந்தத் துறைக்கு இடம் உண்டு. இன்றைக்கு இரங்கற்பா என்கிறோம். ஒப்பாரியும் இதே குடும்பம்தான் என்றாலும் அது கூடியிருந்து வாய்விட்டு அழுவதற்கானது. அதற்கு நீளம் வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நான் இங்கே பேசப்போவது அதற்கு நேர்மாறானது. ஐந்தாறு அடிக்குள் முடிந்துவிடும், குரலை உயர்த்தாத கவிதை. அதில் பொருள் எங்கே ஒளிந்திருக்கிறது, நுட்பங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

எடுத்துக்கொள்ளும் பாட்டு புறநானூற்றில் 112ஆவது. பாடியவர்கள் பாரி மகளிர், அதாவது பாரி என்ற தலைவனின் மகள்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதலில் நேர்ப்பொருள். இதைத் தாண்டிக் குதித்து நேராக நயத்துக்குப் போகக் கூடாது. அற்றை என்றால் அன்றைய, இற்றை என்றால் இன்றைய. எந்தை என்பது எம் தந்தை. கொளார் என்பது கொள்ளமாட்டார். எறிதல் இங்கே முரசை அறைதல். ஆகப் பொருள் இதுதான்: அன்றைய நிலவொளியில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய நிலவொளியில், வென்று முரசறையும் வேந்தர்கள் எங்கள் குன்றைக் கொண்டுவிட்டார்கள், எங்களுக்கு அப்பாவும் இல்லை.

அவ்வளவுதான் செய்தி. உரைநடையில் சொன்னால் இரண்டு வாக்கியம். ஒரு தகவலாக இதில் பெரிதாக எதுவும் இல்லை. அப்படியானால் படித்து முடித்ததும் தொண்டையில் ஏதோ அடைப்பது எதனால்? இரங்கற்பாவைப் பொறுத்தவரை நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: பாட்டுக்குள் எது மாறியது, எது மாறாமல் இருக்கிறது? இறப்பு என்பதே ஒரு மாற்றம். மாறியதை எடுத்துக்காட்ட, மாறாத ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும். நல்ல இரங்கற்பா அந்த மாறாத பொருளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது.

இங்கே அது நிலவு. முதலடியையும் மூன்றாமடியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்

வேறுபாடு எழுத்தளவில்தான். அற்றையில் உள்ள 'அ' இற்றையில் 'இ' ஆகிறது. அவ்வெண்ணிலவின் 'அ' இவ்வெண்ணிலவில் 'இ' ஆகிறது. மற்ற அத்தனை எழுத்தும் அப்படியே. அகரமும் இகரமும் தமிழில் வெறும் உயிரெழுத்துகள் அல்ல, சுட்டெழுத்துகள். ஒன்று தொலைவைக் காட்டும், மற்றொன்று அண்மையைக் காட்டும். அந்த இரண்டு எழுத்து மாற்றத்துக்குள் ஒரு போர், ஒரு சாவு, ஒரு நாட்டின் வீழ்ச்சி எல்லாம் அடங்கிப்போகின்றன. நடுவில் என்ன நடந்தது என்று ஒரு சொல்கூட இல்லை. ஒரே அமைப்பில் அடியைத் திருப்பிச் சொல்லி, சிறு இடத்தில் மட்டும் மாற்றுவது பழைய உத்திதான். ஆனால் அதற்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. அடிகள் இரண்டும் ஒன்றுபோல் இருக்க இருக்க, வாழ்க்கை ஒன்றுபோல் இல்லை என்பது உறைக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு நிலவுக்கும் ஒரே அடைமொழி: வெண். துயரத்தைச் சொல்ல வந்த கவிஞர் இரண்டாவது நிலவைக் கொஞ்சம் மங்கலாக்கியிருக்கலாம். சுடுகிறது என்றோ, கண்ணீர் வடிக்கிறது என்றோ எழுதியிருக்கலாம். அப்படி எழுதிய பாடல்கள் நிறைய உண்டு. இந்தப் பாட்டு அதைச் செய்யவில்லை. நிலவு அன்றைக்கு எவ்வளவு வெண்மையோ இன்றைக்கும் அவ்வளவு வெண்மை. அதற்கு யாருடைய சாவும் பொருட்டில்லை. என்னைக் கேட்டால் பாட்டின் மிகக் கொடிய சொல் அந்த இரண்டாவது 'வெண்'தான்.

வினைச்சொற்கள்

கவிதை படிக்கிறவர்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையும் அடைமொழிகளையும் பார்ப்பார்கள், வினையை விட்டுவிடுவார்கள். இழப்பைப் பேசும் பாட்டில் வினைச்சொல்தான் முக்கியம், ஏனென்றால் காலம் அதில்தான் இருக்கும். இந்தப் பாட்டில் வாக்கியத்தை முடிக்கும் வினை நான்கு: உடையேம், கொளார், கொண்டார், இலமே.

உடையேம் என்பது குறிப்பு வினைமுற்று. அதில் காலங்காட்டும் உறுப்பு கிடையாது. 'உடையவராக இருந்தோம்' என்றும் படிக்கலாம், 'உடையவராக இருக்கிறோம்' என்றும் படிக்கலாம். இலம் என்பதும் அப்படியே. கொளார் எதிர்மறை வினை. பழந்தமிழில் இந்த வகை எதிர்மறை முக்காலத்துக்கும் பொது. கொள்ளவில்லை, கொள்வதில்லை, கொள்ளமாட்டார் எல்லாம் அதற்குள் அடங்கும். நடந்து முடிந்தது என்று காலத்தைத் தானே காட்டும் வினைமுற்று இந்தப் பாட்டில் ஒன்றே ஒன்று: கொண்டார். அதைச் செய்தவர்கள் வேந்தர்கள்.

இதை முதல்முறை கவனிக்கும்போது கொஞ்சம் திடுக்கென்று இருக்கும். அப்பா இருந்ததற்கும் இல்லாததற்கும் காலம் காட்டாத சொற்கள். குன்றைக் கொண்டதற்கு மட்டும் இறந்தகாலம். அதாவது நிகழ்ச்சி என்று ஒன்று நடந்தது என்றால் அது அந்தக் கவர்தல் மட்டுமே. அதற்கு முன்னால் ஒரு நிலை, பின்னால் ஒரு நிலை. உடைமை ஒரு நிலை, இன்மை ஒரு நிலை. 'இறந்தார்' என்ற வினை பாட்டில் எங்கும் இல்லை. 'கொன்றார்' என்பதும் இல்லை.

அதோடு உடையேம், இலமே இரண்டும் தன்மைப் பன்மை. எழுவாய் 'அப்பா' அல்ல, 'நாங்கள்'. 'எந்தை இறந்தான்' என்றால் அது அப்பாவைப் பற்றிய செய்தி. 'யாம் எந்தையும் இலமே' என்றால் அது எங்களைப் பற்றிய செய்தி: அப்பா இல்லாதவர்கள் ஆகிவிட்டோம். சாவு பற்றிய பாட்டுக்கும் இழப்பு பற்றிய பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இந்த விகுதியில் தெரிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு 'யாம்' கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளாத பன்மை. கேட்டுக்கொண்டிருக்கும் நம்மையும் வெளியே நிறுத்தித்தான் பேசுகிறார்கள்.

வரிசை

முதல் பாதியில் அப்பா முதலில் வருகிறார், குன்று அடுத்து வருகிறது. இரண்டாம் பாதியில் குன்று முதலில், அப்பா கடைசியில். இந்த வரிசை மாற்றத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் முதலும் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் பாட்டில் இரண்டாவது அடியையும் அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கலாம். 'எந்தையும் இலமே, குன்றும் கொண்டார்' என்று எழுதியிருந்தால் செய்தி ஒன்றுதான். ஆனால் பாட்டு நாட்டில் போய் முடிந்திருக்கும். இப்போது அப்பாவில் முடிகிறது.

வரலாற்றின் கணக்கில் குன்று பெரியது. ஒரு சிறிய நாடே வீழ்ந்திருக்கிறது. பெண்களின் கணக்கில் அது இரண்டாவது. முதலில் நினைவுக்கு வருபவரும் அப்பா, கடைசியில் வாயில் நிற்பவரும் அப்பா, நடுவில் குன்று. சரி, இதை வேறு மாதிரியும் படிக்கலாம்: சொல்வதற்கு எளிதானதை முன்னால் சொல்லிவிட்டு, சொல்ல முடியாததைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள் என்று. இரண்டு விளக்கமும் பாட்டுக்குள் சான்றுள்ளவைதான். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வென்றெறி முரசு

பாட்டில் அலங்காரமான தொடர் என்று ஒன்று இருந்தால் அது 'வென்றெறி முரசின் வேந்தர்' மட்டும்தான். அப்பாவுக்கு அடைமொழி கிடையாது. வள்ளல் என்றோ வேள் என்றோ சொல்லவில்லை, வெறும் எந்தை. குன்றுக்கும் கிடையாது, வெறும் எம் குன்று. நிலவின் 'வெண்' தவிர, அடைமொழி முழுவதும் பகைவருக்கு. இது ஏன்?

இங்கேதான் பின்னணி தேவைப்படுகிறது. பின்னணியை எப்போது உள்ளே கொண்டுவருவது என்பது ஒரு கேள்வி. பாட்டைத் தனியாக ஒருமுறை முழுதாகப் படித்த பிறகு என்பதே என் வழக்கம். முதலிலேயே கதையைத் தெரிந்துகொண்டால் பாட்டில் இல்லாததையெல்லாம் பாட்டில் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

பாரி பறம்பு மலைக்குத் தலைவன். சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டார்கள். பாரியின் நண்பரான கபிலர் அந்த மூவரையும் பார்த்துப் பேசுவதாகவே புறநானூற்றில் பாடல்கள் உண்டு. 110ஆவது பாட்டு அவற்றில் ஒன்று. நீங்கள் மூவரும் கூடி எதிர்த்தாலும் 'பறம்பு கொளற்கு அரிதே' என்கிறார். பறம்பு நாட்டில் முந்நூறு ஊர். முந்நூறையும் பரிசில் கேட்டு வந்தவர்கள் ஏற்கெனவே பெற்றுப்போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது 'யாமும் பாரியும் உளமே, குன்றும் உண்டு', நீங்கள் பாடிக்கொண்டு வந்தால் அவற்றையும் பெறலாம் என்று முடிக்கிறார். நல்ல கிண்டல்.

இப்போது 112க்குத் திரும்புங்கள். கபிலர் மிச்சம் என்று சொன்னவற்றில் இரண்டு, பாரியும் குன்றும். மகளிர் இழந்ததாகச் சொல்வதும் அதே இரண்டு. கபிலர் 'கொளற்கு அரிதே' என்றார்; மகளிர் 'பிறர் கொளார்' என்று தொடங்கிக் 'கொண்டார்' என்று முடிக்கிறார்கள். அதே வினை. தொகுப்பில் இரண்டு பாட்டு தள்ளி இருக்கும் இவற்றை அடுத்தடுத்துப் படிக்கும்போது, அங்கே சவாலாக ஒலித்த சொற்கள் இங்கே ஒவ்வொன்றாகக் கழன்று விழுவது தெரியும்.

மூன்று பேரரசர்கள் சேர்ந்து ஒரு குன்றைக் கொள்ள முடியாமல், கடைசியில் வஞ்சனையால் பாரியைக் கொன்றார்கள் என்பது மரபாக வரும் செய்தி. அதை வைத்துப் பார்த்தால் 'வென்றெறி முரசின் வேந்தர்' என்பது புகழ்ச்சி அல்ல. புறநானூற்றின் பழைய உரையே இதை இகழ்ச்சிக் குறிப்பு என்று சொல்கிறது. ஆனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். முரசைச் சொல்லி வேந்தரைக் குறிப்பது அக்காலப் பாடல்களில் சாதாரணமாக வரும் வாய்பாடு. எங்கே முரசு வந்தாலும் அங்கதம் என்று சொல்லிவிட முடியாது. இங்கே அதை அங்கதமாகப் படிக்க உதவுவது பாட்டின் உள்ளே உள்ள சான்று: அப்பாவுக்கும் குன்றுக்கும் அடைமொழி இல்லாத பாட்டில் பகைவருக்கு மட்டும் அடைமொழி, பாட்டு முழுக்க மௌனமான நிலவொளி, அதில் கேட்கும் ஒரே ஓசை அந்த முரசு. வெளியே இருந்து கொண்டுவந்த கதையும் உள்ளே இருக்கும் சான்றும் ஒன்றையொன்று தாங்கும்போதுதான் விளக்கம் நிற்கும்.

சொல்லாமல் விட்டது

இரங்கற்பாவில் எழுதியிருப்பதைப் போலவே எழுதாமல் விட்டதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தப் பாட்டில் கண்ணீர் இல்லை. அழுகை, ஐயோ, துயரம், நெஞ்சு என்று உணர்ச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு சொல்லும் இல்லை. இனி எங்கே போவோம் என்ற கேள்வி இல்லை. கடவுளோ ஊழோ இல்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாடு (உணர்ச்சி வெளிப்பாடு) நான்கு காரணத்தால் பிறக்கும் என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுவது, இழப்பது, பழைய நிலையிலிருந்து தளர்வது, இல்லாமை. பாரி மகளிரின் நிலையில் நான்கும் இருக்கின்றன. அப்பாவை இழந்தார்கள், நாட்டை இழந்து தாழ்ந்தார்கள், பகைவரின் முரசைக் கேட்கிறார்கள், கையில் ஒன்றும் இல்லை. பாட்டு இந்தக் காரணங்களை மட்டும் அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அழுகை என்ற விளைவைச் சொல்லவில்லை, அது படிப்பவர் பங்குக்கு விடப்படுகிறது.

கடைசியில் வரும் ஏகாரத்தையும் பார்க்க வேண்டும். 'இலமே' என்பதில் உள்ள ஏ, ஆசிரியப்பா என்ற பாவகையை முடிக்கும் வழக்கமான, தனிப்பொருள் இல்லாத அசை. ஏறத்தாழ எல்லாச் சங்கப் பாடலும் இப்படித்தான் முடியும். ஆகவே 'ஏகாரம் இரக்கத்தைக் காட்டுகிறது' என்று எழுதுவது கொஞ்சம் அதிகம். ஆனாலும் வாய்விட்டுப் படிக்கும்போது அந்த நெடில் நீள்வது காதில் விழத்தான் செய்கிறது. யாப்பு கொடுத்த இடத்தைப் பாட்டு வீணாக்கவில்லை என்று சொன்னால் போதும்.

நான்காவது அடியும் இப்படித்தான். மற்ற அடிகளில் நான்கு சீர் இருக்க, அதில் மூன்றுதான். துக்கத்தில் குரல் தடைப்பட்டு அடி குறுகியது என்று சிலர் அழகாக எழுதுவார்கள். நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய அடி மூன்று சீராக வருவது விதி. எந்தப் பொருளைப் பாடினாலும் குறுகும். ஆனால் அந்தக் குறுகிய அடி எங்கே நிற்கிறது என்பது கவிஞரின் கையில் இருக்கிறது. 'வேந்தர்எம்' என்று நிற்கிறது. 'எம்' என்ற உரிமைச் சொல் வேந்தரோடு ஒட்டிக்கொண்டு அடியின் ஓரத்தில் நிற்க, அது உரிமை கொண்டாடும் குன்று அடுத்த அடியில் போய், உடனே 'கொண்டார்' என்று பறிபோகிறது. இதைச் சொல்லலாம். விதி எது, தேர்வு எது என்று பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஒலியை மட்டும் வைத்து உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம். 'ற்றை' என்ற வல்லொலி வேதனையைக் காட்டுகிறது என்றால், அதே ஒலி மகிழ்ச்சியான பாட்டில் வரும்போது என்ன செய்வது? எதுகை இங்கே அற்றையையும் இற்றையையும் ஒன்றோடு ஒன்று கட்டுகிறது, ஒப்பிட்டுப் பார் என்கிறது. அதுவரைதான் அதன் வேலை.

'திங்கள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிலவு என்றும் கொள்ளலாம், மாதம் என்றும் கொள்ளலாம். மாதம் என்று கொண்டால் 'அந்த மாதத்து வெண்ணிலவில், இந்த மாதத்து வெண்ணிலவில்' என்று ஆகும், இடைவெளி கூர்மையாகிவிடும். நிலவு என்று கொண்டால் கால அளவு திறந்தே இருக்கும். இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். எதைக் கொண்டாலும் பாட்டின் எலும்புக்கூடு மாறவில்லை.

இன்னொரு பாட்டில் இதே கண்

ஒரு பாட்டில் கற்றது அடுத்த பாட்டில் உதவ வேண்டும். இல்லாவிட்டால் அது மனப்பாடம் மட்டும். புறநானூறு 242, குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர் கிழானின் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது பாடிய கையறுநிலை.

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேல் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே

இளைஞர்கள் சூடமாட்டார்கள், வளையணிந்த பெண்கள் கொய்யமாட்டார்கள். யாழின் கோட்டால் மெதுவாகக் கொடியை வளைத்து எடுத்துப் பாணன் சூடமாட்டான், பாடினி அணியமாட்டாள். வலிய வேலை உடைய சாத்தன் மாய்ந்த பிறகு, முல்லையே, ஒல்லையூர் நாட்டில் நீயும் பூக்கிறாயோ?

மாறாதது எது? முல்லை. பருவம் வந்தால் பூக்கிறது. மாறியது எது? மனிதர்கள் மொத்தமும். மறுபடியும் அதே அடிப்படை, ஆனால் கையாளும் முறை நேரெதிர். பாரி மகளிர் நிலவைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கீரத்தனார் முல்லையை முன்னிலைப்படுத்திக் கடிந்துகொள்கிறார். செடிக்குக் காதில்லை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். சாவின் மேல் கோபப்பட முடியாது, இறந்தவன் மேல் கோபப்படக் கூடாது, கைக்கு எட்டியது முல்லைதான். அஃறிணையைப் பார்த்துப் பேசும் உத்தியைப் பார்க்கும்போது 'எதைப் பார்த்துப் பேசுகிறார்' என்பதோடு நிறுத்தாமல் 'யாரைப் பார்த்துப் பேச முடியாததால் இதைப் பார்த்துப் பேசுகிறார்' என்று கேட்டால் பொருள் திறக்கும்.

சூடார், கொய்யார், சூடான், அணியாள் என்று அடுத்தடுத்து நான்கு எதிர்மறை. முதல் மூன்று அடிக்கு யாரும் எதையோ சூடவில்லை என்று மட்டும் தெரிகிறது. எதை என்று தெரியாது, ஏன் என்றும் தெரியாது. ஐந்தாவது அடியில் ஏன் என்பது வருகிறது, ஆறாவதில் எதை என்பது. தகவலைத் தாமதப்படுத்தும் இந்த அடுக்கு உரைநடைப்படுத்தும்போது காணாமல் போய்விடும். அதனால்தான் பொழிப்புரையை மட்டும் படித்துவிட்டு நயம் எழுதக் கூடாது.

'முல்லையும்' என்பதில் உள்ள 'உம்'மைத் தடவிப் பாருங்கள். நீயும் என்றால் வேறு யாரோ ஒருவரும் இருக்க வேண்டும். மனிதர்கள் எல்லோரும் பூவை விட்டுவிட்டார்கள் என்று இப்போதுதான் சொல்லி முடித்தார். பின் யார் அந்த இன்னொருவர்? அவன் போன பிறகும் உயிரோடு இருந்து பாடிக்கொண்டிருக்கும் கவிஞர். 'நான் வாழ்கிறேன், நீயும் பூக்கிறாயோ' என்று அந்த உம்மை வழியாகப் பழி தன் மேலேயே திரும்புகிறது. கவிஞர் தன்னைப் பற்றி இந்தப் பாட்டில் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, அந்த இடைச்சொல் மட்டும் காட்டிக்கொடுக்கிறது.

இடைச்சொல் என்றதும் 'மன்' நினைவுக்கு வராமல் இருக்காது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய 235ஆவது பாட்டு 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்கும். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான். ஒவ்வொரு நினைவுக்குப் பின்னும் ஒரு 'மன்'. தொல்காப்பியம் மன்னுக்குச் சொல்லும் மூன்று பொருளில் முதலாவது கழிவு: அது போய்விட்டது. 'கொடுப்பான்' என்ற இனிய நினைவு முடியும் அதே மூச்சில் 'அதெல்லாம் போயிற்று' என்று வந்துவிடுகிறது. அந்த மன்னை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், உயிரோடு இருக்கும் ஒருவரைப் புகழும் பாட்டாகிவிடும்.

எழுதும்போது

பார்த்ததை எழுத்தில் வைப்பதில்தான் பலருக்கும் சிக்கல். 'இப்பாடலில் முரண்தொடை பயின்று வந்து பாடலுக்கு அழகு சேர்க்கிறது' என்ற வாக்கியம் எல்லா விடைத்தாளிலும் இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் என்பதால் இந்தப் பாட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. 'அழகு சேர்க்கிறது' என்று எழுதக் கை போகும்போதெல்லாம் அதை அடித்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. 'அற்றை, இற்றை என்ற முரண் இரண்டு இரவுகளை எதிரெதிரே நிறுத்துகிறது. மற்ற சொற்கள் மாறாததால் இழப்பு மட்டும் தனியே தெரிகிறது' என்று எழுதலாம். முதலில் பாட்டில் உள்ள சொல், பிறகு அதன் செயல், பிறகு உத்தியின் பெயர். பெயர் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை.

எத்தனை நுட்பங்களைச் சொல்வது என்றும் கேட்பார்கள். ஐந்தடிப் பாட்டில் இரண்டைப் பிடித்து நன்றாக எழுதினால் போதும். 112ஆவது பாட்டை நான் எழுதுவதானால் நிலவையும் கடைசி அடியின் வரிசை மாற்றத்தையும் எடுப்பேன். எதுகையை ஒரு வரியில் தாண்டிப்போவேன், மோனையைச் சொல்லவே மாட்டேன்.

பயிற்சிக்கு அடுத்த பாட்டாக 113ஐ எடுத்துக்கொள்ளலாம். பாரி இறந்த பிறகு, மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டுப் போகும்போது கபிலர் பாடியது. மேலே பார்த்தவை எல்லாம் அதில் சேர்ந்தே இருக்கின்றன: 'முன்னே, இனியே' என்ற முரண், கழிவைக் காட்டும் 'மன்', அஃறிணையான பறம்பையே பார்த்துப் பேசுவது. ஆனால் ஒரு வேறுபாடு. 'கலங்கிக் கையற்று', 'நீர்வார் கண்ணேம்' என்று கபிலர் அழுகையை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். ஒரே வீட்டுச் சாவு, ஒரே குன்று. மகளிர் சொல்லாமல் விட்டதை நண்பர் ஏன் சொல்கிறார்? கடைசி இரண்டு அடியில் அந்த மகளிர் எப்படி வருகிறார்கள், அவர்களைப் பற்றி அவருக்கு என்ன பொறுப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு விடை எழுதுங்கள்.